அய்யா போட்ட ஏற்பாடு

இப்படி நெழலுக்கு வாங்க அம்மிணி. ஆபீஸ் தொறக்க நேரமாகும். மேனேஜரு சாவகாசமாத்தான் வருவாரு, அய்யா நெனவு மண்டபத்துச் சாவி அவருகிட்டதான் இருக்குது. நான் வெறும் வெளிக்கேட்டுக்குத்தானுங்க வாட்ச்மேன். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. எனக்கு நின்னு நின்னு பழக்கந்தான்.

தண்ணி குடிக்கறீங்களா? அட, சும்மா குடிங்க. பாட்டல் தண்ணியெல்லாம் என்னத்துக்கு? இந்த மொடாத் தண்ணியைக் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. எப்படி இருக்குது? இனிக்குதில்லீங்களா? இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எங்கயும் இப்படித் தண்ணி கெடைக்காதுங்க. உள்ள புல்லுத்தரைக்கு லாரியில வந்து ஊத்தற தண்ணி இருக்குதே, அது வெறும் உப்பு. வாயில வெக்க முடியாது. ஆனா வாசல்ல இருக்கற இந்த மொடாவுக்கு மட்டும் தெனமும் நல்ல தண்ணி வந்துரும். எல்லாம் அய்யா போட்ட ஏற்பாடு. வாசக்காவல் இருக்கறவன் தொண்டை காயக்கூடாதுன்னு அந்த மனுசன் நெனச்சிருக்காரு பாருங்க. போய்ச் சேந்து வருசம் திரும்பப் போகுது, ஏற்பாடு நிக்கலை.

அது கெடக்குட்டும். நேத்து மேனேஜரு கார்ல உள்ள போனீங்களே, நீங்கதானே மெட்ராஸ்ல இருந்து வந்து மண்டபத்தை மாத்தறவங்க? எந்தப் படத்தை எங்க மாட்டோணும், கீழ என்ன எழுதோணும்னு சொல்றவங்க? அதாங்க, பெயின்ட்டருங்க பேசிக்கிட்டாங்க. கெழக்குச் செவுத்துப் பெரிய படத்தை எறக்கிப் பின்னால சாமான் ரூமுக்குள்ள போடப் போறீங்களாமா. நெசமுங்களா?

தலையாட்டறீங்க. சரி.

அந்தப் படத்துல தண்ணிக்கு நடுவுல வாயைப் பொளந்துக்கிட்டு, முண்டாசு அவுந்து தோள்ல தொங்க ஒருத்தன் நிக்கறானே, யாருன்னு தெரியுமா? நாந்தானுங்க. ஏன் அப்படிப் பாக்கறீங்க? அன்னிக்கு மீசை கறுப்பு, இன்னிக்கு வெளுப்பு, அவ்வளவுதான். பக்கத்துல என் தோள் மேல கை போட்டுக்கிட்டு நிக்கறது அய்யா. அந்தப் படத்தை எறக்காதீங்கன்னு கேக்கத்தான் உங்களைக் கூப்புட்டு உக்கார வெச்சேன். எனக்குன்னு இந்த ஒலகத்துல மிச்சம் இருக்கறது அந்த ஒரு படந்தான் அம்மிணி. சொன்னாச் சிரிப்பீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

அய்யா அப்ப இந்தச் சொத்துபத்தெல்லாம் இல்லாத ஆளு. டவுன்ல ஒரு லேத்துப் பட்டறையில கடைசல் புடிச்சிக்கிட்டிருந்தாரு. மெக்கானிக் அர்த்தநாரின்னாத்தான் தெரியும். அந்தக் காலத்துல போர்வண்டிக்காரங்க கரும்பாறையைக் கண்டா வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க. பல்லு ஒடைஞ்சு போயிரும். பல்லுன்னா, கொழாய் முனையில பாறையைக் கொத்தற இரும்பு. அய்யா பட்டறையே கதின்னு கெடந்து ஒரு பல்லைக் கண்டுபுடிச்சாரு பாருங்க, அது கரும்பாறைக்குள்ள களியில வெரலை விட்ட மாதிரி எறங்குச்சு. அர்த்தநாரி பல்லுன்னே பேராயிப்போச்சு. ஆந்திரா, கர்நாடகா, ராஜஸ்தான்னு அது போகாத ஊரில்லை. தண்ணி எந்தப் பாதாளத்துல ஒளிஞ்சிருந்தாலும் குடுமியைப் புடிச்சு மேல இழுத்தாந்துரும்.

அந்தப் பல்லு மொதமொதல்ல எறங்குன எடம் எங்க கெணறு.

எங்கப்பன் வெட்டுன கெணறுங்க. எனக்கும் என் தம்பி வையாபுரிக்கும் பொது. ஒரு நாளு அவன் மொறை, ஒரு நாளு எம்பட மொறை. சித்திரை வெயில்லயும் வத்தாது. என்ன, கொஞ்ச நேரம் மோட்டாரை ஓட்டி, நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி ஓட்டோணும். ஊறட்டும் ஊறட்டும்னு வரப்புல குந்தியிருக்கற பொழப்பு எனக்குச் சலிச்சுப்போச்சு. அந்த நேரம் பாத்து அய்யா வந்தாரு. புதுப்பல்லை வெள்ளோட்டம் பாக்க ஒரு கெணறு வேணும், காசு வேண்டாம், கெணத்துக்குள்ளயே வண்டியை எறக்கி அடியில போர் போட்டுத் தர்றேன்னாரு. யாராச்சும் வேண்டாம்பாங்களா? என் தம்பி வேண்டாம்னான்.

"அண்ணா, குடத்துக்கு அடியில ஓட்டை போட்டா குடத்துல தண்ணி நிக்குமா?" ன்னான்.

இதாங்க அவன் கேட்ட கேள்வி! இவ்வளவு பெரிய மனுசன் முன்னால கேக்கற கேள்வியா இது? கெணறும் குடமும் ஒண்ணா? அய்யாவே சிரிச்சுப்போட்டாரு. நானும் சிரிச்சேன். "ஏன்டா, குடத்துக்குக் கீழ தரை இருக்குது. கெணத்துக்குக் கீழ கங்கையே இருக்குதுடா" ன்னு சொன்னேன். அய்யா என் முதுகைத் தட்டிக் குடுத்தாரு. இப்பக் கேட்டாலும் நான் அதே பதிலைத்தான் சொல்லுவேன்.

கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, கிரேன் வெச்சு வண்டியைக் கெணத்துக்குள்ள எறக்குனோம். குழி தொட்டாச்சு. மேல நின்னு பாத்துக்கிட்டிருந்த என் தம்பி படியில எறங்கி வந்தானுங்க. ஒரு கை மண்ணை அள்ளினான். அந்தக் குழிக்குள்ள போட்டான். பொணக்குழியில போடற மாதிரிப் போட்டுட்டு ஏறிப் போயிட்டான். மண்ணை வாரித் தூத்தறதுன்னு சொல்லுவாங்களே, கூடப் பொறந்தவனே தூத்திட்டுப் போறான். பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்தே இல்லை அம்மிணி.

ஆனா அன்னிக்கு வந்துச்சு பாருங்க தண்ணி! பொழுது சாயறதுக்குள்ள கெணத்து மேட்டைத் தாண்டிப் பீச்சியடிச்சுது. ஊருசனம் அத்தனையும் நனைஞ்சுது. பொம்பளைங்க கொலவை போட்டாங்க. அய்யா முன்னேற்பாடா போட்டோக்காரனைக் கூட்டியாந்திருந்தாரு. அப்ப எடுத்ததுதான் அந்தப் படம். அப்பறம் டவுனுக்கு டவுன் போர்டு வெச்சாங்க. பஸ் ஸ்டாண்டுல நான், சந்தைப்பேட்டையில நான், சினிமாக் கொட்டாய்ப் பக்கத்துல நான். எம்பட வாயைப் பாத்துட்டுத்தான் சனம் போர் போட்டுது. நான் வெளையாட்டுக்குச் சொல்லலை, மேனேஜரே சொல்லுவாரு. அந்தப் படம் இல்லாட்டி அய்யா இவ்வளவு தூரம் வந்திருப்பாராங்கறது சந்தேகந்தான்.

அப்பறமா? அப்பறம் என்னங்க. ஒரு மஞ்ச வெள்ளாமை நெஞ்சு நெறைய எடுத்தேன். அடுத்த வருசம் கெணத்துல தண்ணி நிக்கலை. மழை பேஞ்சு ஊத்து தெறந்தாலும் காத்தால பாத்தா எங்க போச்சுன்னே தெரியாது. போர்ல மட்டும் வந்துக்கிட்டிருந்துச்சு. அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரனெல்லாம் சும்மா இருப்பானா? அத்தனை பேரும் அர்த்தநாரி பல்லை எறக்குனாங்க. அவன் ஆழமாப் போனா நான் அவனை விட ஆழமாப் போனேன். கடைசியில கொழாயில இருந்து காத்தும் புழுதியும் வந்துச்சு.

என்னமோ கேக்க வாயெடுத்தீங்களே? அடியில ஓட்டை போட்டதுனால கெணத்துத் தண்ணி எறங்கிப் போயிருக்குமோன்னுதானே? படிச்சவங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அட போங்க அம்மிணி. எத்தனை பேரு எத்தனை ஓட்டை போட்டான். மண்ணள்ளிப் போட்ட கெணறு என்னுது ஒண்ணுதானே? அதைச் சொல்லுங்க.

ஒரு நாள் அந்த வறண்ட கெணத்துக்குள்ள எறங்கி, ஊத்துக்கண்ணு அடைச்சிருக்குமோன்னு கடப்பாறையில இடிச்சுக்கிட்டிருந்தேன். நல்ல உச்சி வெயிலு. கண்ணைக் கட்டிக்கிட்டு வந்துருச்சு. உக்காந்துட்டேன். பாத்தா, என் தம்பி படியில எறங்கி வர்றான். கையில ஒரு சொம்புத் தண்ணி. "அண்ணா, மொதல்ல இதைக் குடி" ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கெணத்தைச் சாகடிச்சுப்போட்டு அதுக்குள்ளயே வந்து எனக்குத் தண்ணி குடுக்கறான். சொம்பைத் தட்டி விட்டேன். "உன் கையால இனி ஒரு வாய் பச்சத்தண்ணி குடிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலைடா. உன் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்" ன்னு சத்தியம் பண்ணினேன். எங்கப்பன் வெட்டுன கெணத்துக்குள்ள நின்னு பண்ணின சத்தியம். அவன் உருண்டு போன சொம்பை எடுத்துக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனான். அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் தண்ணி புழங்கறதில்லை. செத்தாலும் இல்லை.

தோட்டத்தைப் பிளாட்டு போடறவன் வாங்கிட்டான். கெணத்தைக் குப்பை கொட்டி மூடிட்டான். என் சம்சாரம் மக வீட்டுக்குத் திருப்பூர் போனவ, வர்றேன்னு சொல்லிட்டுப் போனா. வரலை. நான் போய் அய்யா கம்பெனி வாசல்ல நின்னேன். மறுநாளும் நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன்னு வெச்சுக்குங்களேன். வேலையத்தவன்னு நெனச்சானோ என்னமோ, மேனேஜரு ஒரு நாள் காக்கிச்சட்டையைக் குடுத்து இங்கயே நில்லுன்னுட்டான். அய்யா மறக்கலைங்க என்னைய! கார்ல போறப்ப வர்றப்ப, "என்ன ஆறுமுகம், சாப்ட்டாச்சா?" ன்னு கேக்காம போக மாட்டாரு. எம்பேரு சென்னியப்பன். பெரியவங்களுக்கு ஆயிரம் சோலி, பேரா முக்கியம்? கேக்கணும்னு தோணுச்சே, அதுல்ல மனசு.

இப்ப எதுக்கு வர்றேன்னா, நீங்க செவுத்துல எழுதப் போறீங்களே, நீர்வள்ளல் அப்படீன்னு. அய்யா எப்படி நீர்வள்ளலா மாறினாருங்கறது இங்க இருக்கற யாருக்கும் தெரியாது. நான் அப்ப கார்லயே இருந்தேன்.

பயங்கரமான பஞ்சம் அந்த வருசம். அய்யா ஏதோ கண்ணாலத்துக்குப் போனாரு. பழக்கூடை எறக்கி வெக்க என்னையும் முன்சீட்டுல ஏத்திக்கிட்டாரு. குறுக்கு வழின்னு டிரைவர் எங்க ஊருக்குள்ள வண்டியை விட்டான். தெருவை அடைச்சுக்கிட்டு ஒரு சவ ஊர்வலம். பறையடிக்கறாங்க, பொம்பளைங்க தலைவிரி கோலமா மாருல அடிச்சுக்கிட்டு அழுவறாங்க. அய்யா கார்க் கண்ணாடியை எறக்கி, "யாரு ஆறுமுகம் தவறிப் போனது?" ன்னாரு.

எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. கொடும்பாவிங்க. உங்களுக்குத் தெரியாதா? மழையில்லாம போச்சுன்னா வைக்கோல்ல ஒரு ஆளு செஞ்சு, ஊருல கொடும்பாவம் பண்ணினவன் இவன்தான்னு தெருத்தெருவா இழுத்துட்டுப் போயி, நெசப் பொணத்துக்குச் செய்யற மொறையெல்லாம் செஞ்சு எரிப்பாங்க. அழுதா வானத்துக்கு எரக்கம் வருமாம். எல்லா ஊருலயும் மொகமில்லாத பொம்மையைத்தான் இழுப்பாங்க. எங்க ஊர்க்காரனுங்க என்ன பண்ணியிருந்தானுங்க தெரியுமா? பொம்மைக்கு வெள்ளைச் சட்டை, தங்கக்கலர் பிரேம் போட்ட கண்ணாடி, பாக்கெட்டுல பேனா. கழுத்துல மாலையாட்டம், தேஞ்சுபோன பல்லாக் கோத்துப் போட்டிருந்தானுங்க. அர்த்தநாரி பல்லு.

அய்யா கழுத்தை நீட்டி நீட்டிப் பாத்தாரு. அப்பறம் தன்னோட கண்ணாடியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு. பொம்பளைங்க பாடறாங்க:

"பாதாளம் போயிப் பசுந்தண்ணி தொட்டவரே,
ஊரு நாவு வறண்டு கெடக்குதே பாக்கலையா?
பூமிக்கெல்லாம் குழி பறிச்சுக் குடுத்தவரே,
உங்க குழி நனைக்க ஒரு சொட்டு இல்லையே!"

கொள்ளி வெக்கறவன் குடத்தைத் தோள்ல வெச்சுக்கிட்டு மூணு சுத்து சுத்துவானே, ஒவ்வொரு சுத்துக்கும் குடத்துல ஒரு பொத்தல் போடுவாங்களே? குடத்துல ஊத்தத் தண்ணியில்லைன்னு புழுதி மண்ணை ரொப்பியிருந்தானுங்க. பொத்தல் போடப் போட மண்ணுதான் கொட்டுச்சு. கொள்ளி வெச்சவன் தலையெல்லாம் புழுதி. யாருன்னு நெனைக்கறீங்க? வேற யாரு! என்னோட சோறு தின்னு வளந்த வையாபுரிதான்.

திருப்பீரலாங்களான்னு டிரைவர் கேட்டான். அய்யா வேண்டாம்னுட்டாரு. எரிஞ்சு முடியற வரைக்கும் பாத்தாரு. வீட்டு வாசல்ல எறங்கி நின்னு, "ஆறுமுகம், நான் செத்தா சனம் அழுவுமா?" ன்னாரு. "என்னங்கய்யா இப்படிக் கேட்டுப்போட்டீங்க, நாடே அழுவும்" னேன். "அதான் இன்னைக்கே அழுதுட்டாங்களே" ன்னாரு. எனக்கு அழுவாச்சி வந்துருச்சு அம்மிணி. அத்தனை பெரிய மனுசனை அந்த வார்த்தை சொல்ல வெச்சுட்டானே பாவி.

மழையா? எங்கீங்க பேஞ்சுது.

அதுக்கப்பறந்தான் டிரஸ்டு, லாரித்தண்ணி, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி மிசினு, ஏரி தூரெடுக்கறது எல்லாம். மெக்கானிக் அர்த்தநாரி, போர்வண்டி அர்த்தநாரியாகி, இப்ப நீர்வள்ளல் அர்த்தநாரி ஆயிட்டாரு. பல்லுக் கம்பெனியை மூடுவாருன்னு சில பேரு பேசினாங்க. ஏன் மூடோணும்? தன் மகன், சின்னவரு பேருக்கு மாத்திக் குடுத்துட்டாரு. லாரிக்குத் தண்ணி எங்கிருந்து வரும்ங்கறீங்க? பக்கத்துத் தாலூக்காவுல அதே பல்லை வெச்சுத்தான் பாதாளத்துல இருந்து எடுக்கறாங்க. அந்த ஊருக்காரனுங்க சத்தம் போடறதாக் கேள்வி. நல்லது செஞ்சாலும் நாலு பேரு பேசத்தான் செய்வான்.

ஆனா ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறலை. அன்னைக்குக் கொள்ளி வெச்சது யாருன்னு விசாரிச்சு, அவனைக் கூட்டியாரச் சொன்னாரு அய்யா. ஒதைக்கப் போறாருன்னு பாத்தா, லாரிச் சாவியைக் கையில குடுத்தாரு! அவனும் வெக்கமில்லாம வாங்கிக்கிட்டான். "மொத நடை எங்க ஊருக்குத்தான் அடிப்பேன், சம்மதம்னா ஓட்டறேன்" னு பேச்சு வேற. பாருங்க, அய்யா கூடப் படத்துல நின்னவன் வாசல்ல நிக்கறான், கொள்ளி வெச்சவன் உசரத்துல உக்காந்து லாரி ஓட்டறான். தெனமும் காத்தால இங்க வருவான். ரெண்டு ஆரன் அடிப்பான். நான் கேட்டைத் தொறந்துட்டு, அந்த வேப்பமரத்துப் பக்கமாத் திரும்பி நின்னுக்குவேன். மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். லாரி போன பொறவு திரும்பினா மொடா ரொம்பியிருக்கும். அது க்ளீனர் பையன் வேலைங்க. வண்டி அய்யாவுது, தண்ணி அய்யாவுது, ஏற்பாடு அய்யாவுது. அவன் ஸ்டேரிங் புடிக்கறதோட சரி.

அய்யா போனப்ப என்னமா கூட்டம் தெரியுமா! கார் நிறுத்த எடமில்லை. பேப்பர்ல பக்கம் பக்கமாப் போட்டான், நீர்வள்ளல் மறைந்தார்னு. மாலை மேல மாலை. எல்லாரும் கைக்குட்டையை வெச்சுக்கிட்டு மரியாதையா நின்னாங்க. ஒருத்தி வாய் விட்டு அழுவலை. மாருல அடிச்சுக்கலை. வைக்கோலுக்கு அழுத அழுவையில பாதி கூட அந்த மனுசனுக்கு இல்லை. நான் ஒருத்தன் அழுதேன். "வாட்ச்மேன், அந்தப் பக்கமாப் போய் அழு" ன்னு மேனேஜரு தள்ளி விட்டுட்டான்.

இப்பச் சொல்லுங்க. எதுக்கு அந்தப் படத்தை எறக்கறீங்க?

சின்னவரு சொல்லிட்டாரா. போர் போடற படம் இனி ஒண்ணு கூட இருக்கக்கூடாதா. கண்ணாடிப் பொட்டியில இருக்கற மொதப் பல்லு? அதுவுமா! மழைத்தண்ணி, ஏரி, மரம், கொழந்தைங்க, இது மட்டும் போதுமாக்கும். பாக்க வர்றவங்க பூமியை ஓட்டை போட்ட ஆளுன்னு நெனச்சுக்கக் கூடாதாக்கும். உங்க கையில ஒண்ணுமில்லைங்கறீங்க. இருக்காதுதான்.

அம்மிணி, என் கெணத்து மேல இப்ப யாரோ மாடி வீடு கட்டியிருக்கறான். போய்ப் பாத்தேன். எங்கப்பன் வெட்டுன கெணத்துல தண்ணி இருந்ததுக்கு வேற ஒரு அத்தாட்சி கெடையாது. அந்தப் படத்துலதான் அது இருக்குது. மண்டபத்துக்குள்ள ஆளில்லாதப்ப நான் போயி அது முன்னால நின்னுக்கிட்டிருப்பேன். மேனேஜருகிட்டச் சொல்லிராதீங்க. என் குடும்பம், என் தோட்டம், என் வயசு எல்லாம் அந்தத் தண்ணியோட மேல நிக்குது. அது கீழ விழுவறதுக்குள்ள எடுத்த படமுங்க.

சரி, ஒரு ரோசனை சொல்றேன், கேளுங்க. போர் படந்தானே ஆகாது? இந்த மொடாவை வெச்சுக்குங்க. பல்லு இருந்த கண்ணாடிப் பொட்டியில இதை வைங்க. கீழ எழுதுங்க: "காவலுக்கு நிற்கும் ஏழைக்கும் தினம் ஒரு குடம் நல்ல தண்ணீர், இது அய்யா போட்ட ஏற்பாடு." இதை விடவா ஒரு நீர்வள்ளல் கதை வேணும்? சின்னவருக்குப் புடிச்சுரும். பதிலுக்கு என் படம் ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டுமே. கக்கூஸ் போற வழியில மாட்டுனாக் கூடப் பரவால்லை. ஆபீசுல கேட்டு ஊர்ஜிதம் பண்ணிக்குங்க.

கேட்டுட்டீங்களா? எப்ப? நேத்தா? நேத்தே இந்த மொடாவைப் பாத்துட்டுக் கேட்டீங்களா? பாத்தீங்களா, உங்களுக்கே தோணியிருக்குது. என்ன சொன்னாங்க?

அப்படி ஒரு ஏற்பாடே இல்லையா?

யாரைக் கேட்டீங்க? மேனேஜரா? அவனுக்கு என்ன தெரியும், சாவி வெச்சிருக்கறவன். அய்யா வாய்வார்த்தையாச் சொல்லியிருப்பாரு. லாரிக்காரனுங்களைக் கேட்டாத் தெரிஞ்சுட்டுப் போகுது.

அவனையும் கேட்டீங்களா.

என்ன சொன்னான்? பரவால்லை, சொல்லுங்க. சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டானா? அவன் கெடக்கறான், நீங்க சொல்லுங்க.

லாரியில க்ளீனரே கெடையாதா?

இது லாரித் தண்ணி இல்லையா. பின்ன எந்தத் தண்ணி? ஊருக்குக் கொழாயில என்னைக்கோ ஒரு நாளு விடற ஆத்துத்தண்ணியா? வீட்டுக்கு இத்தனை குடம்னு அளந்து விடறது... அவன் வீட்டுக் குடத்துல இருந்தா? தெனமுமா?

"எங்கண்ணன் ரோசக்காரன், நான் குடுத்தாக் குடிக்க மாட்டான், அய்யா குடுக்கறதுன்னு நெனச்சுக் குடிச்சுக்கட்டும், சொல்லிராதீங்க" ன்னானா.

ம்.

இல்லை, ஒண்ணுமில்லை. நீங்க உக்காருங்க. எனக்கு ஒண்ணுமில்லை.

இத்தனை வருசமா. எங்கப்பன் மேல சத்தியம் பண்ணினேன் அம்மிணி. கெணத்துக்குள்ள நின்னு பண்ணினேன். காத்தால எந்திரிச்சதும் வாய் கொப்புளிக்கறது இந்தத் தண்ணியில. சோத்துக்கு, மாத்திரை முழுங்க, அய்யா போன அன்னைக்கு அழுது தொண்டை கட்டிக்கிட்டப்பக் குடிச்சது, எல்லாம் இதுதான். குடிக்கறப்பெல்லாம் மேல பாத்து அய்யாவைக் கும்பிடுவேன். அவன் லாரிக் கண்ணாடியில பாத்திருப்பானே. பாத்துக்கிட்டே போயிருப்பானே.

அந்தச் சொம்பை இப்படிக் குடுங்க, நாக்கு ஒட்டிக்கிச்சு. இல்லை, வேண்டாம். வேண்டாம், அங்கயே வெச்சிருங்க. கீழ கொட்டிராதீங்க.

கேட்டுதா ஆரன்? ரெண்டு தடவை. வந்துட்டான். கேட்டைத் தொறக்கோணும்.

நான் எந்தப் பக்கம் திரும்பி நிக்கறதுங்க அம்மிணி?